கடலையை மாற்றுவதா, அளப்பதா?

வேர்க்கடலை ஒவ்வாமை பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்: "விதையில்லாத திராட்சை வந்தாச்சு, அலர்ஜி தராத கடலையை மட்டும் ஏன் யாரும் கொண்டுவரல?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். என் தங்கை மகனும் கேட்டிருக்கிறான். கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்தே அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் அவன் முதலில் படித்தது கதைப் புத்தகம் இல்லை, பொட்டலங்களின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்து. "பெரியம்மா, என்னை மாத்துறதுக்குப் பதிலா கடலையையே மாத்திட முடியாதா?" என்று அவன் கேட்டபோது, அதில் இருந்த நியாயம் என்னை விடவே இல்லை. ஒரு குழந்தையின் உடம்பை ஊசியும் மருந்துமாகப் பழக்குவதைவிட ஒரு செடியைத் திருத்துவது எளிதாகத்தானே இருக்க வேண்டும்? அந்த எண்ணத்தோடுதான் பயிர் மரபியல் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இப்போதும் பயிர் விஞ்ஞானிகள் இதில் பெரிய உதவி செய்ய முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் அவர்களிடம் நான் கேட்க நினைப்பது இன்று வேறாகிவிட்டது.

விதைக்குள் இருப்பது

ஒரு வேர்க்கடலைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். மண்ணுக்குள் முளைவிடும் குருத்து தன் சொந்த இலையை விரிக்கும்வரை சாப்பிடுவதற்காகச் செடி சேமித்து வைக்கும் உணவு அது. ஒவ்வாமை உள்ளவர்களின் உடம்பு சண்டைக்குப் போவது பெரும்பாலும் இந்தச் சேமிப்புப் புரதங்களோடுதான். வேர்க்கடலையின் தாவரவியல் பெயர் அராக்கிஸ் ஹைப்போஜியா. அதைச் சுருக்கி, ஒவ்வாமை தூண்டும் அதன் புரதங்களுக்கு அரா ஹெச் 1, அரா ஹெச் 2 என்று வரிசையாக எண் கொடுத்திருக்கிறார்கள். எண் 18 வரை போய்விட்டது. அவற்றில் முக்கியமானவை 1, 2, 3, 6. அதிலும் 2, 6 இரண்டும்தான் மிகவும் ஆபத்தானவை. உருவத்தில் சிறியவை, உள்ளே கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டவை. வறுக்கும் சூட்டுக்கும் அசையாது, வயிற்றில் சுரக்கும் நொதிகளுக்கும் லேசில் உடையாது. முழு வடிவத்தோடு குடலைத் தொட்டு, அங்கிருந்து ரத்தத்துக்குள்ளும் போய்விடும். ரத்தப் பரிசோதனையில் மொத்த வேர்க்கடலைக்கு எதிரான ஐஜிஈ, அதாவது ஒவ்வாமையைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதம், எவ்வளவு என்று பார்ப்பதைவிட, அரா ஹெச் 2-க்கு எதிரான ஐஜிஈ எவ்வளவு என்று மருத்துவர்கள் உன்னிப்பாகப் பார்ப்பது இதனால்தான்.

சரி, அந்த இரண்டை மட்டும் எடுத்துவிட்டால்? அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பெகி ஓசியாஸ்-ஏகின்ஸின் குழு இதைத்தான் செய்து பார்த்தது. மரபணுவின் செய்தி புரதமாக மாறுவதற்கு முன்பே அதைத் தடுக்கும் ஆர்என்ஏ குறுக்கீடு என்ற முறையில் அரா ஹெச் 2, 6 இரண்டையும் ஒரே செடியில் அடக்கினார்கள். 2008இல் முடிவு வெளியானது. ஒவ்வாமை உள்ளவர்களின் ஐஜிஈ அந்தப் பருப்போடு ஒட்டுவது குறைந்திருந்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது, அவர்கள் கூடவே சோதித்துப் பார்த்த இன்னொரு விஷயம். விதைப் புரதங்களில் சில செடிக்குக் காவலும் காக்கக்கூடும் என்பதால், அவற்றை எடுத்தால் அஃப்ளாடாக்ஸின் நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சை தாராளமாக வளர்ந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. அப்படி வளரவில்லை. அதே ஆண்டு அலபாமாவில் ஹார்டென்ஸ் டோடோவின் குழுவும் அரா ஹெச் 2-ஐ வெகுவாகக் குறைத்துக் காட்டியது. இதையெல்லாம் படித்த அன்று, இன்னும் கொஞ்ச வருடம்தான் என்று தங்கையிடம் சொன்னேன்.

தொடர்ந்து படிக்கப் படிக்கத்தான் இது எவ்வளவு சிக்கல் என்று புரிந்தது. நாம் பயிரிடும் வேர்க்கடலை இரண்டு காட்டு இனங்கள் கலந்து பிறந்தது: தென் அமெரிக்காவின் அராக்கிஸ் டுரானென்சிஸ், அராக்கிஸ் இபாயென்சிஸ். இரண்டின் மரபணுத் தொகுதியும் அப்படியே உள்ளே இருக்கிறது. 2016இல் அந்தக் காட்டு இனங்களின் மரபணு வரிசை வெளியானது, 2019இல் பயிர்க் கடலையினுடையது. எந்தப் புரதத்தை அடக்குவதென்றாலும் இரண்டு பக்கத்திலும் இருக்கும் பிரதிகளைத் தேடி அடக்க வேண்டும். இன்றைக்கு மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கையில் இருப்பதால் அது முடியாத காரியம் இல்லை. ஆனால் 2, 6 போனாலும் 1, 3 அங்கேயே இருக்கும். எல்லாவற்றையும் எடுத்தால் விதையில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, முளைக்கிற குருத்து எதைத் தின்னும்? ஆகவே இந்த ஆராய்ச்சியின் நேர்மையான இலக்கு 'ஒவ்வாமை குறைந்த' கடலைதான், 'ஒவ்வாமையே இல்லாத' கடலை கிடையாது. ஒரு பருப்பின் சிறு துணுக்குக்கே தொண்டை வீங்கும் குழந்தையின் அம்மாவுக்குக் 'குறைந்த' என்ற சொல்லால் என்ன பிரயோஜனம்?

கலப்படம் என்ற தொல்லை வேறு. இதற்கு ஓர் உதாரணம் ஏற்கெனவே கண்முன் இருக்கிறது. ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு மிகுந்த, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காத கடலை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 1987இல் கண்டறியப்பட்டது. அதிலிருந்து சன் ஒலீயிக் 95ஆர் என்ற ரகம் 1995இல் வந்தது. இன்று இந்தியாவின் கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் வரை அந்தக் குணம் பரவியிருக்கிறது. ஆனால் அந்த வகைப் பருப்பையும் சாதாரணப் பருப்பையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அறுவடை எந்திரத்தில், உடைக்கும் ஆலையில், லாரியில், கிடங்கில் என்று எங்கே வேண்டுமானாலும் இரண்டும் கலந்துவிடும். ஒவ்வொரு பருப்பாகக் கருவியில் வைத்துச் சோதித்துத்தான் ஒரு சரக்கின் தூய்மையைச் சொல்கிறார்கள். எண்ணெய் விஷயத்தில் நாலு பருப்பு மாறிப்போனால் பண்டம் சற்று முன்னதாகச் சிக்கு வாடை அடிக்கும், அவ்வளவுதான். ஒவ்வாமை விஷயத்தில் அதே நாலு பருப்பு ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதனால் பயிர்ப் பெருக்கத்தின் மேல் எனக்கு மரியாதை குறைந்துவிடவில்லை. 1960களில் வட கரோலினாவில் அராக்கிஸ் கார்டெனாசி என்ற காட்டு இனத்தோடு செய்த ஒரு கலப்பிலிருந்து இலைப்புள்ளி, துரு நோய்களைத் தாங்கும் குணம் கிடைத்தது. அது விதைப் பரிமாற்றத்தின் வழியே நாடு நாடாகப் பரவியதை டேவிட் பெர்ட்டியோலியும் சொராயா லியால்-பெர்ட்டியோலியும் அவர்களுடைய குழுவும் 2021இல் தடம் பிடித்துக் காட்டினார்கள். யாரோ எப்போதோ பொறுமையாகச் செய்த ஒரு கலப்பு, கண்டம் தாண்டி எத்தனையோ பேருடைய வயலைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தத் திறமையை இந்த நோய்க்கு எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் என் எண்ணம் மாறியது.

கரண்டியில் இருந்தது

அது மாறியது ஒரு சிகிச்சை அறையில். வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சைக்குத் தங்கை மகனைச் சேர்த்திருந்தார்கள், நானும் துணைக்குப் போயிருந்தேன். மருந்து என்றதும் மாத்திரையோ சொட்டு மருந்தோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். மேசை மேல் கண்ணாடி மூடி போட்ட ஒரு குட்டித் தராசு இருந்தது. செவிலியர் அதன் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து, சின்னக் கரண்டியால் வெளிர் பழுப்பு மாவைத் தட்டித் தட்டிப் போட்டார். திரையில் எண் ஏறியது, இறங்கியது, கடைசி இலக்கம் நிற்காமல் ஆடியது. மூடியைச் சாத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நின்றதும் எழுதிக்கொண்டு, அந்த மாவைத் தயிரில் கலந்தார். கொழுப்பு நீக்கிய வேர்க்கடலை மாவு, வேறு எதுவும் இல்லை. பொட்டலத்தில் அந்தப் பெயரைப் பார்த்தாலே கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போகும் பையன், அதையே வாயில் வாங்கிக்கொள்ள உட்கார்ந்திருந்தான். மணம் எட்டியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து ஆபத்து என்று பழகிய மணம், ஒரு நாளில் போய்விடுமா?

விழுங்கிய கொஞ்ச நேரத்தில் உதட்டோரம் சிவந்து ஒரு தடிப்பு எழும்பியது. தங்கை என் கையை இறுக்கிப் பிடித்தாள். மருத்துவர் அருகில் வந்து உட்கார்ந்து, தடிப்பைப் பார்த்தார், மூச்சைக் கேட்டார், ரத்த அழுத்தம் எடுத்தார். தடிப்பு பரவவில்லை. அது அடங்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் பையன் தன் பழைய கேள்வியை அவரிடமும் கேட்டான். அவர் சிரிக்கவில்லை, யோசித்துத்தான் பதில் சொன்னார்: "கடலையை மாத்திட்டா உனக்கு நான் எதைக் கொடுப்பேன் தம்பி? இந்த மாவுல எனக்கு வேண்டியதே அந்த அரா ஹெச் 2 தான். அது எவ்வளவு இருக்குன்னு சரியா தெரிஞ்சா போதும்."

அந்த ஒரு வாக்கியம் என்னோடு வந்துவிட்டது. எதை விதையிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேனோ, அதுதான் அவனுக்கு மருந்து. உடம்பு எந்தப் புரதத்தை எதிரி என்று நினைக்கிறதோ, அதையே அது கவனிக்காத அளவுக்குக் கொஞ்சமாகக் கொடுத்து, படிப்படியாகக் கூட்டிப் பழக்க வேண்டும். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்ஃபோர்சியா என்ற மருந்தும் அடிப்படையில் அளந்து அடைத்த கடலை மாவுதான். அரை மில்லிகிராமில் தொடங்கி 300 மில்லிகிராம் புரதம் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு பருப்பு அளவுக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு முந்தைய பாலிசேட் ஆய்வில், 4 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் மருந்து எடுத்தவர்களில் 67.2% பேர் 600 மில்லிகிராமைத் தாங்கினார்கள். கடலை கலக்காத வெறும் மாவு கொடுக்கப்பட்டவர்களில் 4% பேர்தான். ஆனால் அதே ஆய்வில், கடுமையான ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி தேவைப்பட்டவர்கள் மருந்து எடுத்தவர்களில் 14%, மற்றவர்களில் 6.5%. மருந்தே ஒவ்வாமையைத் தூண்டும் என்பதை மறைக்க முடியாது. ஆகவே இதை வீட்டில் யாரும் தாங்களாகச் செய்து பார்க்கக் கூடாது. காய்ச்சல் வந்த நாளில் அளவைக் குறைக்கச் சொல்கிறார்கள், சாப்பிட்ட பிறகு ஓடக் கூடாது, வெந்நீரில் குளிக்கக் கூடாது. எல்லாம் பயத்தில் போட்ட கட்டுப்பாடு இல்லை, உடம்பு சூடாகும்போது அதே அளவு மாவு கூடுதல் வேலை காட்டும்.

குழந்தைகள் கற்றுக்கொள்வது எதை வைத்து

மருத்துவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு தடுப்பு ஆய்வுகளைத் திரும்பப் படித்தேன், அங்கும் அதே சேதிதான். ஒரு காலத்தில் எல்லாரும் விலக்கி வைக்கத்தான் சொன்னார்கள். பிரிட்டனில் 1998இலும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பில் 2000இலும் வந்த பரிந்துரை, ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்பது. அமெரிக்கா 2008இலும் பிரிட்டன் 2009இலும் அதைத் திரும்பப் பெற்றன. அதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் கடலையே வாயில் படாமல் வளர்ந்துவிட்டார்கள். 2008இல் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக்கின் குழு, பிரிட்டனில் இருக்கும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் இருக்கும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. பிரிட்டனில் 1.85% பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் 0.17%. இஸ்ரேலில் முதல் வயதிலேயே குழந்தைகள் கடலைப் பண்டம் சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள்.

இதிலிருந்து பிறந்ததுதான் லீப் ஆய்வு. கடுமையான கரப்பான் என்ற தோல் நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகள், 4 முதல் 11 மாதத்துக்குள் இருப்பவர்கள். பாதிப் பேருக்கு வாரம் 6 கிராம் வேர்க்கடலைப் புரதம் தொடர்ந்து கிடைக்கச் செய்தார்கள், மீதிப் பேர் அதைத் தொடவே இல்லை. ஐந்து வயதில் பார்த்தபோது தவிர்த்தவர்களில் 17.2% பேருக்கு ஒவ்வாமை வந்திருந்தது, சாப்பிட்டவர்களில் 3.2% பேருக்குத்தான். அந்தப் பாதுகாப்பு பதின்ம வயதுவரை நீடிப்பதை 2024இல் காட்டினார்கள். 2025இல் அமெரிக்காவின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வில், சீக்கிரமே கொடுக்கச் சொல்லிப் பரிந்துரை மாறிய பிறகு சிறு குழந்தைகளிடம் புதிதாக வேர்க்கடலை ஒவ்வாமை கண்டறியப்படுவது குறைந்திருந்தது. இத்தனைக்கும் கொடுத்தது சாதாரணக் கடலைதான். முழுப் பருப்பாக இல்லை, அது குழந்தையின் மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். குழைத்த விழுதாகவோ வாயில் கரையும் பண்டமாகவோ கொடுத்தார்கள்.

லாக் முன்வைத்த இன்னொரு கருத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கரப்பானால் வெடித்த தோல் வழியாக முதலில் நுழையும் புரதத்தை உடம்பு எதிரி என்று குறித்துக்கொள்கிறது, குடல் வழியாக முதலில் வருவதை உணவு என்று ஏற்கிறது. வீட்டுத் தூசியிலும் பெரியவர்கள் கையிலும் கடலைப் புரதம் இருக்கிறது. அப்படியிருக்க, குழந்தையின் தட்டில் மட்டும் அரா ஹெச் 2 இல்லாத திருத்திய கடலையை வைத்தால் என்ன ஆகும்? தோல் வழியே பழைய கடலை பாடம் சொல்லிக்கொண்டே இருக்கும், குடலுக்கோ அதை அறிமுகம் செய்துகொள்ளும் வாய்ப்பே இருக்காது. இப்படி யாரும் சோதித்துப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மேலே உள்ள ஆய்வுகளிலிருந்து நான் எட்டிய முடிவு இது. உலகத்தில் உள்ள எல்லா வயலையும் ஒரே நாளில் மாற்ற முடிந்தால் வேறு பேச்சு. பழைய கடலையும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் உலகத்தில், குழந்தைக்குப் பழையதோடுதான் அறிமுகம் வேண்டும்.

பயிர் விஞ்ஞானிகளிடம் கேட்பது

அப்புறம் அந்தத் திறமையெல்லாம் எதற்கு? அளவுக்கு. மருத்துவர் கேட்ட அந்த "சரியா தெரிஞ்சா போதும்" என்பதற்கு. தராசில் கடைசி இலக்கம் நிற்கும்வரை காத்திருந்த செவிலியர் அளந்தது மாவின் எடையைத்தான். அந்த எடைக்குள் அரா ஹெச் 2 எவ்வளவு, 6 எவ்வளவு என்பது விதையைப் பொறுத்தது. பால்ஃபோர்சியாவில் அரா ஹெச் 1, 2, 6 மூன்றையும் அளந்து உறுதிசெய்துதான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த மருந்து எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. பல இடங்களில் மருத்துவர்கள் சாதாரண மாவையும் பருப்பையும் வைத்துத்தான் இந்தச் சிகிச்சையைச் செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகக் குழு 2023இல் வெளியிட்டது இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. முதலில் 12 மணி நேரம் வேகவைத்த கடலை, பிறகு 2 மணி நேரம் வேகவைத்தது, கடைசியில் வறுத்தது. வேகும்போது ஒவ்வாமைப் புரதத்தில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடுகிறது, மீதியும் தளர்கிறது. 6 முதல் 18 வயதுவரை உள்ள 70 பேரில் 56 பேர் இலக்கை எட்டினார்கள். ஆக, அடுப்பில் வைக்கும் நேரமே அளவுகோலாக வேலை செய்திருக்கிறது. அரா ஹெச் 2, 6 குறைந்த ஜார்ஜியா வகைக் கடலைக்கும் இப்படி ஓர் இடம் இருக்கலாம். சந்தைக்குப் பொது உணவாக வராமல், மருத்துவர் கண்காணிப்பில் ஏணியின் முதல் படியாக. அப்படி வந்தால் கலப்படப் பயமும் இல்லை, விலக்கி வைக்கும் தவறும் இல்லை.

இதற்குக் கருவி ஓரளவு தயார். ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2019இல், அரா ஹெச் 1, 2, 3, 6, 8 ஆகிய ஐந்தையும் விதையில் அளக்கும் எலைசா என்ற சோதனை முறையை வெளியிட்டார்கள். ஒவ்வாமை குறைந்த ரகத்தைத் தேடுவதற்காக உருவாக்கியது அது. அதே அளவீட்டை, மாறாத அளவுள்ள ரகத்தைத் தேடவும் பயன்படுத்தலாம் என்பதுதான் என் ஆசை. எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் விளைந்தாலும் இந்தப் புரதங்கள் ஒரே விகிதத்தில் நிற்கும் ரகம் ஒன்று இருந்தால், தொலைதூர ஊர் மருத்துவர்கூட நம்பி அளந்து கொடுக்கலாம்.

சிகிச்சை வேறு பக்கமாகவும் நகர்கிறது. ஐஜிஈயைக் கட்டிப்போடும் ஓமலிசுமாப் ஊசிக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் உணவு ஒவ்வாமைக்காகவே அனுமதி கிடைத்தது. ஆய்வில் அதை எடுத்தவர்களில் 67% பேர் 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கினார்கள், எடுக்காதவர்களில் 7%. அது தற்செயலாக வாயில் படும் ஆபத்தைத்தான் குறைக்கிறது, ஊசியை விட்டால் பழைய நிலைதான். உண்மையான விடுதலை சின்ன வயதில்தான் எளிதாகக் கிடைக்கிறது. 2022இல் வெளியான இம்பாக்ட் ஆய்வில் நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாய்வழிச் சிகிச்சை கொடுத்து, பிறகு ஆறு மாதம் நிறுத்திப் பார்த்தார்கள். 21% பேர் அதன் பிறகும் கடலையைத் தாங்கினார்கள். வயது குறையக் குறைய அந்த வாய்ப்பு கூடியது. என் தங்கை மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். அவன் தினமும் ஒரு சிறு அளவு கடலையைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், அநேகமாகப் பல வருடங்களுக்கு. அவனைப் போன்றவர்களுக்குத்தான் அளவு மாறாத கடலை மிகவும் தேவை.

புதிய ரகம் ஒன்றை வெளியிடும்போது மகசூல், வயது, எண்ணெய்ச் சத்து, உடைப்புத் திறன், நோய் எதிர்ப்பு என்று ஓர் அட்டவணை போடுகிறார்கள். அதில் இன்னும் நாலு எண்கள் சேரட்டும்: அரா ஹெச் 1, 2, 3, 6. ஒரே பண்ணையில் ஒரே முறை அளந்த எண் போதாது. பல மண்ணில், பல பருவத்தில் அளந்து, எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.